க்யூ எழுத்தால் வந்த தண்ணீர்

லாரித் தண்ணீர் குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் கௌரவம், அதன் குடம் வரிசையில் எங்கே நிற்கிறது என்பதில் இருந்தது. நகை, நிலம் எல்லாம் அப்புறம்.

எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறவள் நான். அம்மாவுக்குத் தன் பிறந்த நாள் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, எனக்குத் தேதிப் பைத்தியம் பிடித்தது. ஆனால் இந்தச் சம்பவத்துக்கு மட்டும் தேதி கிடைக்கவில்லை. அண்ணன் பங்குனி மாதம் என்கிறான். பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தது. சாலையில் தார் இளகி ரப்பர் செருப்பைப் பிடித்துக்கொண்டது. நுங்கு வண்டி வந்துவிட்டிருந்தது. கோயிலில் கூழ் ஊற்றவில்லை. ஆகவே சித்திரைக் கடைசி அல்லது வைகாசி. எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு கத்திரி வெயில். அதற்கு மேல் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலை. ஒரு பக்கம் கடல். கடலை ஒட்டி எங்கள் குப்பம். சாலையை ஒட்டி ஒரு தொழிற்சாலைக்காரர்களின் கோட்டர்ஸ். வெள்ளையடித்த மாடி வீடுகள், வாசலில் இரும்பு வளைவு. குப்பத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு திடல். திடலின் சாலைப் பாதி கெட்டித் தரை, கடல் பாதி மணல். மழை பொய்த்த அந்த ஆண்டு கோட்டர்ஸ் குழாயும் வறண்டுபோக, இரு பக்கத்தாருக்கும் ஒரே தண்ணீர் லாரி. அது தினமும் காலையில் கோட்டர்ஸ் ஓரமாகத்தான் நிற்கும். அதன் ரப்பர் குழாய், ஓஸ், முதலில் அவர்கள் குடத்துக்குப் போகும். எங்கள் குடங்கள் மணல் பக்கம் காத்திருக்கும்; முறை வந்து தூக்கிக்கொண்டு போகும்போது டேங்கின் அடிவண்டல் வரும். பல நாள் அதுவும் வராது.

"படிச்சவங்கன்னா டிரைவருக்கு பயம். நம்ம கண்டா எளக்காரம்" என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். ஊரே அதை நம்பியது. நானும் நம்பினேன்.

லாரி வரும்வரை பிள்ளைகளுக்கு வேலை குடத்தைக் காவல் காப்பது. குடம் இல்லாத இடத்தில் கல். எங்கள் குடம் நீல நிறம். அடியில் விரிசல் விட்ட இடத்தில் அண்ணன் வேறொரு குடத்தின் சிவப்புத் துண்டை உருக்கி ஒட்டியிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் குடத்துக்குப் பொட்டு வைத்தது போல இருக்கும். அந்தக் குடம் எப்போது எங்களை விட்டுப் போனது என்பதும் என்னிடம் பதிவில்லை.

காவல் நேரத்தில்தான் விளையாட்டு பிறந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் சாலையில் ஊர்ந்து கொண்டும் நின்று கொண்டும் இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் நாலு ஆங்கில எழுத்து, பிறகு எண்கள். அடுத்து வரும் பெட்டியில் முதல் எழுத்து எதுவோ, அந்த எழுத்து உள்ள ஒரு ஆங்கில வார்த்தை சொல்ல வேண்டும். ஏ, இ எல்லாம் சில்லறை. ஜே, க்யூ, எக்ஸ், இசட் நான்கும் அபூர்வம். அண்ணன் அவற்றுக்கு 'மொதலாளிங்க' என்று பெயர் வைத்திருந்தான். அவற்றில் ஒன்று வந்துவிட்டால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்போம்.

எதிரணிக்குத் தலைவி கோட்டர்ஸில் குடியிருந்த ஒரு பெண். என் வயதுதான், இங்கிலீஷ் மீடியம். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலைக் கறுப்பு நூலால் கட்டியிருப்பாள். நாங்கள் அவளைக் கண்ணாடி என்றே கூப்பிட்டோம். அவளுக்கு வார்த்தைகள் புத்தகத்திலிருந்து வந்தன. எங்களுக்கு லாரியிலிருந்து.

இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். கண்டெய்னரின் கதவில் 'மேக்ஸ்' என்று எழுதியிருக்கும். "இதுக்கு மேல ஏத்துனா அச்சு முறியும்னு அர்த்தம்" என்று ஒரு கிளீனர் சொல்லிக்கொடுத்தார். எக்ஸ் எங்கள் பைக்குள் வந்தது. மணலியிலிருந்து வரும் டேங்கர்களின் முதுகில் 'ஹசார்ட்' இருந்தது, அபாயம். இசட்டும் வந்தது. ஜேவுக்குச் சாக்கின் மேல் 'ஜூட்', டயர் கழற்றும் 'ஜாக்'. க்யூ மட்டும் சாலையில் கிடைக்காத சரக்கு.

ஒரு நாள் திடலில் அடிதடி. எங்கள் பக்கத்து அக்கா ஒருத்தி பொறுமையிழந்து ஓஸைப் பிடித்து இழுக்க, கோட்டர்ஸ் அம்மாள் ஒருவர் மறுமுனையை இழுக்க, ஓஸ் கிழிந்து தண்ணீர் மணலுக்குப் போனது. டிரைவர் வால்வை மூடிவிட்டு லாரியின் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். வறண்ட, நீளமான மனிதர். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். சாலையோர மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நாங்கள் அந்தக் கலவரத்திலும் 'இசட்டு, இசட்டு' என்று கத்திக்கொண்டிருந்தோம்.

"யம்மா, நிறுத்துங்கமா. நீங்க சொல்றதுக்கெல்லாம் நாயம் பாத்துகினு நா வண்டி ஓட்ட முடியாது. தோ அந்தப் பசங்க கெலிக்கட்டும். எந்தப் பக்கத்துப் பசங்க கெலிக்குதோ அந்தப் பக்கத்துக்கு மொத ஓஸு. கத்திரி முடியிற வரிக்கும். இன்னா சொல்றீங்க?"

பெரியவர்கள் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். கோட்டர்ஸ்காரர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். இங்கிலீஷில் தோற்போம் என்று அவர்கள் நினைக்கவில்லை. எங்கள் பக்கம் இழக்க ஒன்றுமில்லை.

நடுவராகப் பெட்டிக்கடை பாய் வந்தார். தண்டையார்பேட்டையிலிருந்து தினம் சைக்கிளில் வந்து கடை திறப்பவர், இரு பக்கத்துக்கும் கடன் கொடுத்தவர், ஆகவே பொதுவானவர். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அதனால் அவரே ஒரு விதி போட்டார்.

"அர்த்தத்த வாயால சொன்னா எனக்கு இன்னாபா தெரியும்? கையால காட்டு. கண்ணுக்குத் தெரியணும். டிரைவர் பீடி அணையறதுக்குள்ள."

அந்த விதிதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் முதல் போட்டியில் அல்ல.

முதல் போட்டிக்கு ஜே வந்தது. நாங்கள் துள்ளினோம். எங்களிடம் ஜே மூட்டை மூட்டையாக இருந்தது என்று நினைப்பு. அதற்குக் காரணம் பள்ளியில் தமிழ் ஐயா. கட்டுரையில் கலீஜ், பேஜாரு, ஜல்தி என்று எழுதினால் பிரம்பால் ஒன்று வைத்து, "இது தமிழே இல்லை" என்பார். தமிழ் இல்லையென்றால் வேறு என்ன? இங்கிலீஷ்தானே! இரண்டு மொழிதான் உலகில் உண்டு என்று இருந்த வயது.

அண்ணன் சாக்கடையைக் காட்டி நெஞ்சை நிமிர்த்தினான். "கலீஜ்!"

பாய் முதலில் இருமினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "டேய் நைனா, அது எங்க வூட்டு வார்த்தைடா. உருது."

"அப்போ பேஜாரு?"

"அதுவுந்தான்."

"ஜல்தி?"

"போச்சு போ. மொத்தத்தையும் எங்களாண்டருந்தே தூக்கிகினு வந்துகீறியா?"

கண்ணாடியோ ஒரு ஜக்கைக் காட்டினாள், ஜம்ப் என்று குதித்தாள், பாய் கடையின் ஜாம் பாட்டிலைத் தொட்டாள். நாங்கள் ஜூட்டும் ஜாக்கும் சொல்லி முடித்து, பீடி அணைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தமிழ் ஐயா சொன்னது உண்மைதான். அதை நாங்கள் புரிந்துகொண்டதுதான் பிழை. திடலே சிரித்தது. அன்று எங்கள் குடத்தில் சேறுதான் விழுந்தது.

எங்கள் ஆண்கள் வலையைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். கைகலப்பு வரும் போல இருந்தது. டிரைவர் கையை உயர்த்தினார். "வர்ற ஞாயித்துக்கெழம இன்னொரு வாட்டி. அதான் கடைசி. தோத்தா வாயத் தொறக்கக் கூடாது."

வீட்டில் அம்மா என் தலைமுடியைப் பிடித்தாள். அம்மா மீன் விற்பவள். அவள் கூடையில் பாதி கோட்டர்ஸில்தான் விற்கும்.

"அவங்க வூட்டு அடுப்புல தாண்டி நம்ம மீனு வேவுது. அவங்களாண்டயே மல்லுக்கு நிக்கிறியா? நாளிக்கு எவளாவது 'உன் மீனு வேணாம் போ'ன்னா யாரு சோறு போடுவா, அந்தக் கண்டெய்னர்காரனா?"

"தண்ணி வேணாமாம்மா?"

"வேணும். அதுக்கு வாய்ல எழுத்த மென்னுகினு லாரிக்கு அடில திரியறதா? இனிமே ரோட்டாண்ட பாத்தேன், கால ஒடிப்பேன்."

அம்மாவுக்கு அது வெட்டிப் பொழுது. இன்று அவள் பயத்தின் இன்னொரு பாதியும் தெரிகிறது. நாங்கள் எழுத்தைத்தான் பார்த்தோம், சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவள் சக்கரத்தை மட்டும் பார்த்தாள்.

ஆனாலும் அந்த வாரம் முழுக்க நான் அம்மாவோடு சாலையில்தான் நடந்தேன். கூடை பிடிக்கிற சாக்கு. கூடைத் தண்ணீர் கழுத்தில் சொட்டச் சொட்ட, திடலைச் சுற்றிச் சாலை வழியாகக் கோட்டர்ஸ் வாசலுக்குப் போவோம். "மீனேய்... சங்கரா, காரப்பொடி!" அம்மாவின் குரல் மாடிவரை ஏறும். நான் போகிற வழியெல்லாம் டேங்கர்களின் முதுகைப் படித்தேன். ஒன்றில் 'லிக்விட்' கிடைத்தது. க்யூ! வாயில் மிட்டாய் போல அதை ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதா கோயில் மணி கேட்டு முடிந்த நேரம். திடலில் இரு பக்கமும் குடங்கள். அம்மா கூடையில் மீனை அடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். வேண்டாம் என்றவள் போகாமலும் நின்றாள். எல்லோரும் சாலையைப் பார்த்தோம். முதலில் ஒரு டேங்கர், பிறகு ஒரு மாட்டுவண்டி. பிறகு துருப்பிடித்த ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்று மெல்ல வந்தது.

"க்யூ வந்துகீது!" என்றான் அண்ணன். மகிழ்ச்சியாக அல்ல.

கண்ணாடி ஆரம்பித்தாள். துண்டைத் தலையில் சுற்றி நிமிர்ந்து நடந்தாள். "குவீன்." பாய் தலையாட்டினார். நான் பாயின் கடைக்கு ஓடி பிஸ்கட் டின்னைத் தூக்கிக்காட்டினேன். அதன் மூடியில் 'குவாலிட்டி' என்று இருந்தது.

"நல்ல சரக்குன்னு அர்த்தம், பாய். வேணும்னா ஒண்ணு துன்னு பாருங்க."

"என் டின்ன எனக்கே காட்டுறியா? சரி, ஒத்துக்கினேன்."

அவள் உதட்டில் விரல் வைத்தாள்: "குவையட்." நான் ஓஸ் முனையில் சொட்டிய நீரைக் கையில் ஏந்தினேன்: "லிக்விட்." அவள் திரும்பி, அப்போதும் குடத்துக்குக் குடம் இடித்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்து அக்காவையும் அவர்கள் அம்மாளையும் இரு கையாலும் காட்டினாள்: "குவாரல்." சண்டை! திடல் முழுக்கச் சிரிப்பு. சண்டை போட்ட இருவருமே சிரித்துவிட்டார்கள். அண்ணன் கால் கட்டைவிரலால் மணலில் கேரம் போர்டு வரைந்தான்: "ஸ்கொயர்." கணக்கு டீச்சர் புண்ணியம். கண்ணாடி தன் தம்பியின் முதுகில் தட்டினாள்; அவன் திடலை ஒரே ஓட்டத்தில் சுற்றி வந்தான்: "குவிக்."

எங்கள் முறை. பை காலி.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். டிரைவர் வாயில் பீடி சிறுத்துக்கொண்டே வந்தது. தோற்றால் கத்திரி முடியும்வரை வண்டல்தான்; அதுவும் வாயைத் திறக்காமல்.

அம்மாவுக்குப் பொறுமை போயிற்று. சும்மாடைத் தலையில் வைத்துக் கூடையைத் தூக்கினாள்.

"தண்ணி வந்தா வருது, வராட்டி போவுது. மீனு நாறிகினு கீது. நா கோட்டர்ஸுக்குப் போறேன்."

ஒரு வாரமாக நான் நடந்த வழி முழுவதும் என் கண்ணுக்குள் ஓடியது. சாலை, திருப்பம், வாசல், தலைக்கு மேலே இரும்பு வளைவு. திடலிலிருந்து பார்த்தால் அதன் முதுகுதான் தெரியும். எழுத்தெல்லாம் திரும்பியிருக்கும், யாரும் படித்ததில்லை. கூடை பிடித்து வாசல் வழியே போனவளுக்குத்தான் முகம் தெரியும்.

"கோட்டர்ஸ்!" என்று கத்தினேன்.

"இன்னாடி?" அம்மா திரும்பினாள்.

"கோட்டர்ஸ், பாய்! க்யூவுல ஆரம்பிக்குது. வேலை செய்றவங்க குடியிருக்கிற வூடுங்க. தோ, காட்டுறேன்!" கையை நீட்டினேன். அவ்வளவு பெரிய அர்த்தத்தை அதுவரை யாரும் காட்டியதில்லை. மூன்று மாடி, மொட்டைமாடிக் கொடியில் துணி.

"அது செல்லாது! அது எங்க இடத்தோட பேரு!" என்று அவர்கள் பக்கத்துப் பையன்கள் குதித்தார்கள்.

"பேரா, வார்த்தையா?" பாய் தாடியைச் சொறிந்தார். "வாங்க, பாத்துப்புடலாம்."

எல்லோரும் ஓடினோம். பெண்கள், ஆண்கள், வலையோடு இருந்தவர்கள், டிரைவர், கூடையோடு அம்மா. சாலைப் பக்கம் சுற்றிப் போய் வளைவின் முன்னால் நின்று அண்ணாந்தோம். துருப்பிடித்த இரும்பு எழுத்துகள். நடுவில், வால் முறுக்கிய பூனை போல, ஒரு பெரிய க்யூ. அதன் வளையத்துக்குள் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது.

பாய் கண்ணாடியைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. நீ படிச்ச பொண்ணு. பேரா, வார்த்தையா?"

அவள் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். எங்களில் யாராலும் மறுத்திருக்க முடியாது. தினமும் அதன் அடியில்தான் பள்ளிக்குப் போனாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு ஒருமுறை படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"வார்த்தைதான் அங்கிள். டிக்ஷனரியிலயே இருக்கு. ஐயோ, எனக்குத் தோணவே இல்லையே!"

"அப்போ உன் முறை."

டிரைவர் புதுப் பீடி பற்றவைத்தார். அவள் யோசித்தாள். முகம் மலர்ந்தது. "குவில்ட்!"

"அப்படின்னா?"

"குளிருக்குப் போத்திக்கிறது. பஞ்சு வச்சுத் தச்சது, மெத்து மெத்துன்னு."

"காட்டு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். கத்திரி வெயில். மேலே ஒரு மேகமில்லை. தலையில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போர்த்திப் பார்த்தாள்.

"துண்டு துண்டுதாம்மா" என்றார் பாய், வருத்தத்தோடு.

"குவெய்ல்! காடை!"

"எங்க?"

எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "காக்கா கீது, பரவால்லியா?" என்றார். அவளுக்கு இன்னும் எத்தனையோ தெரிந்திருக்கும். ஆனால் அவள் புத்தகத்தில் இருந்தவை எங்கள் ஊரில் இல்லை. பீடி அணைந்தது.

எங்கள் சத்தத்தில் குருவி பறந்துபோயிற்று.

ஆனால் இங்கேதான் நான் இதை எழுதக் காரணமான விஷயம். டிரைவர் திடலுக்குத் திரும்பி வந்து லாரியைத் தட்டினார். "கெலிச்சிட்டீங்க. பேச்சுன்னா பேச்சு. ஆனா வண்டிய உங்க பக்கம் எப்படி வுடறது? மணல்ல டயரு பூந்துக்குமே. அதாலதான நா இத்தினி நாளு அங்கயே நிறுத்திகினு கீறேன்!"

எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை நாள் திட்டியதெல்லாம் ஒரு டயருக்காக! ஓஸோ குட்டை, குப்பத்துப் பக்கம் எட்டாது. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் போட்டியே நடந்திராது. கேட்காமல் விட்டதற்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

"மணலாவது இன்னாவது!" என்றார் எங்கள் பெரியப்பா. "அம்மாம் பெரிய படகையே ஏத்துறோம். இத ஏத்த மாட்டோமா?"

படகை இழுக்கும்போது அடியில் போடும் கட்டைகளும் பலகைகளும் ஓடிவந்தன. வண்டிக்கு முன்னால் பரப்பினார்கள். சக்கரம் ஏறியது, ஒரு பக்கம் சாய்ந்தது, டிரைவர் "யப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா குரல் கொடுத்தார். முதுகுகள் லாரியின் பின்னால் பதிந்தன.

"ஐலசா!"

"ஐலசா!"

தண்ணீர் லாரியைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போன ஊர் வேறெங்கும் உண்டா, தெரியாது. பாதி வழியில் கோட்டர்ஸ் ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை கொடுத்தார்கள்; லாரி கவிழ்ந்தால் அவர்களுக்கும் தண்ணீர் இல்லை. கண்ணாடியும் நானும் கடைசிப் பலகையைத் தூக்கி முன்னால் ஓடிப் போட்டோம். டேங்கின் மேல்மூடி வழியாகத் தண்ணீர் அலம்பி எங்கள் தலையில் விழுந்தது. அந்தக் குளிர்ச்சியை இப்போதும் தலையைத் தொட்டால் உணர முடியும்.

ஒன்று சொல்ல மறந்தேன். தொடக்கத்தில் 'வரிசை' என்று எழுதியிருக்கிறேன். அன்று யாரும் அப்படிச் சொன்னதில்லை, க்யூ என்போம். அது சுத்தத் தமிழ் என்று எங்களுக்கு நினைப்பு, கண்ணாடிக்கும்கூட. இரு அணியும் அதற்குள்ளேயே நின்றுகொண்டு அதைத் தவிர மற்றதெல்லாம் தேடினோம்.

லாரி குப்பத்தின் முன்னால் நின்றபோது முதல் இடத்தில் எங்கள் நீலக் குடத்தை வைத்தார்கள். யார் வைத்தது என்று தெரியாது. வால்வு திறந்தது. வண்டல் இல்லை, சேறு இல்லை. குடத்தின் அடியிலிருந்த சிவப்புப் பொட்டு மேலேயிருந்து பார்த்தால் தெரிந்தது. அவ்வளவு தெளிவான தண்ணீரை அந்தக் கோடையில் நாங்கள் பார்த்ததே இல்லை.

அம்மா கூடையை இறக்காமலே நின்றாள். "மொத குடம் எனக்கா? நா இன்னாத்த பண்ணேன்?"

"நீ சொன்ன வார்த்தையாலதாம்மே கெலிச்சோம்!" என்றாள் அன்று ஓஸை இழுத்த அக்கா.

"நா இன்னா சொன்னேன்? கோட்டர்ஸுக்குப் போறேன்னேன். தெனமுந்தான் சொல்றேன்."

ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை அள்ளி மீன்மேல் தெளித்தாள். சங்கரா மீன்கள் சிவந்து பளபளத்தன. கோட்டர்ஸ் அம்மாள் ஒருவர் தன் காலிக் குடத்தோடு அருகில் வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் பழைய பயம் ஒரு கணம் வந்து நின்றது.

"ஜெயிச்சாச்சுல்ல? இனிமே விலையையாவது குறை" என்றார் அந்த அம்மாள். "நாலு மீன் எடுத்து வை. வழக்கம்போல எங்க வீட்டு வாசல்ல வாங்கிக்கிறேன்."

"உங்க வூட்டாண்ட வந்தாலும் அதே வெலதாம்மா" என்றாள் அம்மா. இடுப்பை நிமிர்த்திச் சும்மாட்டைச் சரிசெய்தாள். இரண்டடி நடந்தவள் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். கண்ணில் ஒரு குறும்பு.

"இப்போ நா எங்கடி போறேன்?"

குப்பம் முழுக்க, லாரியின் மேல் ஏறியிருந்த அண்ணன், வால்வைப் பிடித்திருந்த டிரைவர், பாய், பலகையின் மறுமுனையைப் பிடித்திருந்த கண்ணாடி உட்பட, ஒரே குரலில் கத்தினோம்:

"கோட்டர்ஸ்!"